களமும் பட்டியலும்

(தருமபுரியில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இச்சபையின்கண் பேசுமாறு நம் சங்கத்தார் எம்மைப் பணித்தபோது, எப்பொருளைப் பற்றிப் பேசுவதென்று சிறிது மயங்கினோம். குலப் பெருமை பேசுதற்கு எம்மினும் வல்லார் இங்குப் பலருளர். ஆதலின், செவிக்கு இனியதாயிராவிடினும் வயிற்றுக்கு உரியதாகிய ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். அஃதாவது, பிறருக்கு வேலை செய்து கொடுத்தபின் அதற்குரிய பணத்தை எங்ஙனம் கேட்பது, கேட்டும் வாடிக்கைக்காரரின் அன்பை எங்ஙனம் இழவாதிருப்பது என்பதாம். கேளாமையால் நம்மவர் இழந்த பொருள் பெரிது. முறையின்றிக் கேட்டமையால் இழந்த உறவு அதனினும் பெரிது. இவ்விரண்டையும் காக்கும் கருவி ஒன்றே. அது ஒரு தாளளவினதாகிய விலைப்பட்டியல்.

முதற்கண் நம் முன்னோர் நிலையை நோக்குவோம். தச்சரும் கொல்லரும் ஊர்க் குடிகளின் ஏரையும் வண்டியையும் ஆண்டு முழுவதும் செப்பனிட்டுக் கொடுத்தனர். கொழு அடித்த அன்றே காசு கேட்டாரல்லர். அறுவடை முடிந்து கதிர் களத்துக்கு வந்தபொழுது, கேழ்வரகாயினும் சோளமாயினும், தமக்குரிய பங்கை அக்களத்திலேயே பெற்றனர். புதுவண்டி செய்தால் அதற்கு வேறு கூலி. இம்முறையில் குறைகள் பல இருந்தன. பங்கின் அளவை ஊரில் வலியோரே குறித்தனர். மழை பொய்த்த ஆண்டில் தொழிலாளியின் பானையும் பொய்த்தது. அம்முறை மீண்டும் வரவேண்டுமென்று யாம் விரும்பினோமல்லோம். ஆயினும் அதன்கண் மூன்று நன்மைகள் இருந்தமையை மறுத்தல் இயலாது. கொடுப்பதற்கு ஓர் இடம் இருந்தது. ஒரு நாள் இருந்தது. ஊரார் கண் சாட்சியாக இருந்தது. வாய்திறந்து கேட்கவேண்டிய நாணம் தொழிலாளிக்கு இல்லை. களமே அவனுக்காகக் கேட்டது.

இன்றைய நிலை யாது? ஏர் போய் டிராக்டர் வந்தது. நம் பிள்ளைகளுள் சிலர் நிலையும் கதவும் செய்கின்றனர். சிலர் இரும்புக் கிராதி அமைக்கின்றனர். சிலர் வீட்டுக்கு வரைபடம் எழுதுகின்றனர். சிலர் கலியாண வீடுகளில் புகைப்படம் எடுக்கின்றனர். இன்னுஞ் சிலர் பாலக்கோட்டிலும் அரூரிலும் தம் வீட்டிலிருந்தபடியே, கணினியின் வாயிலாகப் பெங்களூர் நிறுவனங்களுக்கு விளம்பரப்படம் அமைத்தும் கணக்கெழுதியும் கொடுக்கின்றனர். ஒருவரிடம் மாதச் சம்பளம் பெறாது, பலரிடம் வேலை ஏற்றுச் செய்யும் இத்தகையோரை இக்காலத்தார் ‘ஃப்ரீலான்சர்’ என்பர். ஒரு தலைவனுக்கும் கட்டுப்படாது கூலிக்குப் போர்புரியும் வேல்வீரரைக் குறிக்க, வால்டர் ஸ்காட் 1819-ல் வெளிவந்த தமது ‘ஐவன்ஹோ’ என்னும் கதையில் ஆண்ட சொல்லின் வழிவந்தது இது. நாம் இவர்களைத் தனித்தொழிலர் என்போம்.

இத்தனித்தொழிலர்க்குக் களம் எங்கே? பழைய களம் மறைந்தது. அதனிடத்தில் வேறொன்றை நாம் அமைத்துக்கொள்ளவில்லை. இதுவே நம் நோய்க்கு மூலமென்பது எமது கருத்து.

களம் போனபின் நம்மிடம் எஞ்சி நின்றது ஒரு சொற்றொடர்: “பார்த்துக் கொடுங்கள்” என்பது. எவ்வளவு ஆகும் என்று வாடிக்கைக்காரர் வினவ, நாம் தலையைச் சொறிந்துகொண்டு, “நமக்குள்ளே என்ன, பார்த்துக் கொடுங்கள்” என்கின்றோம். இதனை மரியாதை என்று கருதுகின்றோம். உண்மையில் இது மரியாதையன்று. நம் உழைப்பின் விலையை நிச்சயிக்கும் சுமையை, அதனை அறியாத ஒருவர் தலையில் ஏற்றுகின்றோம். அவர் கொடுத்தது குறைந்தால் நாம் உள்ளே புழுங்குகின்றோம். மிகுந்தால் ஏமாந்தோமோ என்று அவர் புழுங்குகின்றார். இரண்டு உள்ளமும் கெடுகின்றன, ஒருவர்க்கொருவர் சொல்வதுமில்லை.

பண்டத்துக்காவது தராசு உண்டு. நம் தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடிக்குச் சென்று பாருங்கள். உழவர் கொண்டுவந்த கூடு நிறுக்கப்படுகின்றது. ஏலத்தில் விலை குறிக்கப்படுகின்றது. உழவரும் வாங்குவோரும் அதனால் பகைவராகிவிட்டாரல்லர். மறுமுறையும் அங்கேயே சந்திக்கின்றனர். நம் உழைப்பை நிறுக்கத் தராசு இல்லை. எனவே எழுத்தே அதற்குத் தராசாதல் வேண்டும். “ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்றனர் நம் முன்னோர்.

இவ்விடத்தில் எமக்கு நேர்ந்த ஒன்றைக் கூறுதல் தவறாகாது. பல்லாண்டுகட்கு முன், எமக்கு நன்கு பழகிய ஒருவர் புதுவீடு கட்டினார். அவர் வீட்டு நிலைகள், கதவுகள், சன்னல்கள் யாவும் எம் பட்டறையில் ஆயின. மதிப்புச்சீட்டு எழுதினோமல்லோம். வேலை நடுவில், பூசையறைக்கு ஒரு மாடம், சமையலறைக்கு ஒரு பரண் என்று புதியன சேர்ந்தன, அவற்றையும் குறித்தோமல்லோம். பணம் அவ்வப்போது கைக்குக் கை வந்தது. வீடு குடிபுகுந்து எட்டு மாதங்கள் சென்றபின், மர வியாபாரி எம்மை நெருக்கவே, ஒருநாள் அவர் வீட்டுக்குச் சென்று இன்ன தொகை பாக்கி என்றோம். அவர் திடுக்கிட்டு, “எல்லாம் தீர்ந்துவிட்டதே” என்றார். சொல்லுக்குச் சொல் வளர்ந்தது. “எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா” என்னும் பழமொழியின் பொருளை அன்றே அறிந்தோம். பின்னர் ஒரு திருமணப் பந்தியில் எதிரெதிரே அமர்ந்தும் முகம் பாராது உண்டு எழுந்தோம்.

கதை இத்துடன் முடிந்திருப்பின் எம்மைப் பிறர் ஏமாற்றினாரென்று இங்கே புலம்பிச் சென்றிருப்போம். ஆனால் ஈராண்டு கழித்து, பழைய நாட்காட்டித் தாள்களை எம் வீட்டார் ஒழுங்குபடுத்துகையில், அவர் இரண்டு முறை பதினாயிரம் பதினாயிரமாகக் கொடுத்தனுப்பிய குறிப்பு அவர்கள் கையெழுத்தில் அகப்பட்டது. எம் பேரேட்டில் அவ்வரவு இல்லை. அவர் சொன்னது முழுதும் சரியன்று. எனினும் எம்மைவிட அவரே உண்மைக்கு அணித்தாயிருந்தார். நாணயமுள்ள ஒருவரைப் பொய்யரென்று நாலு பேரிடம் சொல்லித் திரிந்தோம். அவர் வீட்டுக்குச் சென்று பிழையை ஒப்புக்கொண்டோம். அவர் காப்பி கொடுத்து உபசரித்தார், மன்னித்ததாகவும் கூறினார். ஆயினும் தம் மகன் கட்டிய வீட்டுக்கு மரவேலையை வேறொருவரிடமே ஒப்புவித்தார். அவரைக் குறைகூற எமக்கு வாயில்லை.

அன்பர்களே! பட்டியல் என்பது வாடிக்கைக்காரர் நம்மை ஏமாற்றாதிருத்தற்கு மட்டும் எழுதப்படுவதன்று. நம் மறதியால் நாம் அவருக்கு அநீதி இழையாதிருத்தற்கும் எழுதப்படுவது. இதனை யாம் பெருவிலை கொடுத்துக் கற்றோம். நீவிர் இலவசமாகக் கொள்வீராக.

நிற்க. உழைப்புக்குரிய பொருளைக் கேட்பது இழிவென்று எண்ணுவோர் நம்மிடை உளர். அன்னோர்க்கு இம்மண்ணின் பழஞ்செய்தி ஒன்றை நினைவூட்டுவோம். தருமபுரியே பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி இருந்து ஆண்ட ஊர். அவன் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்ததனைச் சிறுபிள்ளையும் அறியும். ஆனால் அதே அதியமான் ஒருமுறை ஔவைக்குப் பரிசில் தரக் காலந் தாழ்த்தினான் என்பதனைப் பலர் அறியார். புறநானூற்றின் 206-ஆம் பாட்டு அச்சமயத்தில் பிறந்ததே. ஔவை அழுதாரல்லர்; அரசனை வைதாருமல்லர். வாயில் காப்போனை விளித்து, நின் அரசன் தன்னை அறியானோ, என்னை அறியானோ என்று வினவினார். கைத்திறம் வாய்ந்த தச்சர் மக்கள் மழுவுடன் காட்டுக்குட் புகுந்தால் அவர்க்கு மரத்துக்குக் குறைவுண்டோ, அதுபோலக் கற்றோர் எத்திசைச் செல்லினும் அத்திசையில் உணவுண்டு என்னும் பொருள்படப் பாடினார். தன்மானத்துக்கு உவமை தேடிய பெரும்புலவர்க்கு நம் தச்சர் வீட்டுப் பிள்ளையும் அவன் கை மழுவுமே முன்வந்து நின்றன. இதனினும் வேறு பெருமை நமக்கு வேண்டுவதில்லை.

அதே ஔவை, 101-ஆம் பாட்டில், பலநாள் பலரோடு சென்றாலும் முதல்நாள் போன்ற அன்புடன் வரவேற்பவன் என்று அதியமானைப் பாராட்டி, அவன் பரிசில் காலந் தாழ்த்தாலும் தப்பாது வரும், அது யானை தன் கோட்டிடையே வைத்த கவளம் போன்றது என்றார். கேட்பதனால் அன்பு கெடுமாயின் இவர்கள் நட்பு அன்றே முறிந்திருத்தல் வேண்டும். முறிந்ததா? தூது செல்லும் அளவுக்கு வளர்ந்ததன்றோ? பெருஞ்சித்திரனாரோ, தம்மை நேரிற் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்து, தம் தகுதியளவு அறிந்து தருவதாயின் தினையளவும் இனிது என்றார். அது 208-ஆம் பாட்டு. தொகை பெரிதாயிருத்தல் மட்டும் போதாது. எதற்காகத் தரப்படுகின்றது என்பது இருவர்க்கும் தெளிவாயிருத்தல் வேண்டும் என்பதே இதனால் நாம் கொள்ளத்தக்கது.

இன்னொன்று. திருக்கோயிலூரை அடுத்த ஜம்பையில், 1981-ஆம் ஆண்டில், தமிழ்ப் பிராமி எழுத்தில் அமைந்த கல்வெட்டொன்று கண்டுபிடிக்கப்பட்டது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி ஈந்த பாளி என்பது அதன் செய்தி. கொடுத்தவன் யார், கொடுத்தது யாது என்னும் இரண்டே அதில் உள்ளன. அவன் கோட்டை அழிந்தது. கொடை, எழுத்தில் நின்றமையால் இன்றும் நிற்கின்றது. வள்ளலின் கொடைக்கே எழுத்து வேண்டியிருந்ததாயின், நம் கூலிக்கு எழுத்து வேண்டாவோ?

இனி, பட்டியல் எழுதும் முறையைச் சுருங்கக் கூறுவோம். பட்டியல் வேலை முடிந்தபின் தொடங்குவதன்று. வேலைக்கு முன்னரே தொடங்குவது. முதலில் மதிப்புச்சீட்டு. என்ன வேலை, எவ்வளவு, எந்நாளில் முடியும், என்ன தொகை, எதில் அடங்காதது யாது, பணம் எந்நாட்களில் தரவேண்டும் என்பவற்றை எழுதி இருவரும் ஒப்புக்கொள்க. அச்சாரம் பெறுக, பெற்றவுடன் ரசீது கொடுக்க. நடுவில் புதிய வேலை சேருமாயின், ஆணி அடிக்குமுன் அதன் விலையைச் சொல்லி ஓர் வரி எழுதி அனுப்புக; கைப்பேசியில் அனுப்பிய செய்தியாயினும் போதும். நம் வழக்குகள் பெரும்பாலும் மூலவேலையில் எழுவனவல்ல. “இதையும் சேர்த்து முடித்துவிடுங்கள்” என்று இடையில் நுழைந்த சிறுவேலையில் எழுவன.

வேலை முடிந்த அன்றே பட்டியல் கொடுக்க. பூச்சு மணம் மாறுமுன், படத்தைக் கண்ட மகிழ்ச்சி ஆறுமுன் கொடுத்த பட்டியலை மனமுவந்து வாங்குவர். ஆறு மாதங் கழித்துக் கொடுத்ததனைப் பழங்கடன் போலப் பார்ப்பர். அதில் வரிசை எண், தேதி, இருவர் பெயர் முகவரி, செய்த வேலை தனித்தனியாக, தொகை, முன்னர் வந்த பணம், நின்ற பாக்கி, செலுத்தவேண்டிய நாள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியன இருத்தல் வேண்டும். யூ.பி.ஐ. வழியே பணம் அனுப்புவோரிடம், பட்டியல் எண்ணையும் குறித்தனுப்புமாறு வேண்டுக. எம் நாட்காட்டித் தாள் போல எதுவும் தொலையாது.

வரியைப் பற்றி ஒரு சொல். 2017 ஜூலை முதல் நடைமுறையிலிருக்கும் சரக்கு சேவை வரியில், சேவைத் தொழில் செய்வோர் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைக் கடவாதவரை பொதுவாகப் பதிவு செய்யவேண்டுவதில்லை. பதிவு பெறாதவர் அவ்வரியைப் பட்டியலில் சேர்த்து வாங்குதல் கூடாது. பதிந்தவரோ, சேவை முடிந்த 30 நாட்களுக்குள் வரிப்பட்டியல் கொடுத்தல் வேண்டும். அன்றியும், நிறுவனங்கள் நமக்குத் தரும் பணத்தில் வருமான வரிக்கென ஒரு பகுதியைப் பிடித்து நம் பெயரில் அரசாங்கத்துக்குச் செலுத்துவதுண்டு. இதனையறியாத இளைஞர், குறைத்துக் கொடுத்தனரென்று சினந்து நல்ல வாடிக்கையை இழந்ததை அறிவோம். பிடித்த தொகை நம் கணக்கில் ஏறியுள்ளதா என்று பார்த்துக்கொள்ளுதலே செய்யத்தக்கது.

குறித்த நாளில் பணம் வாராவிடில் என்செய்வது? முதலில், வாடிக்கைக்காரரின் பணப்பருவத்தை அறிக. காரிமங்கலத்து மாந்தோப்புக்காரர்க்குக் கோடையில் காய் இறங்கினால்தான் கையிற் பணம். பெங்களூர் நிறுவனத்துக்கு மாதத்தில் இன்ன நாளே பணம் வழங்கும் நாள் என்ற விதி உண்டு. இவற்றை முன்னரே கேட்டறிந்து அதற்கேற்ப நாள் குறிப்பவனுக்குப் பாதித் தொல்லை இல்லை. குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்னர் ஒரு வணக்கச் செய்தி. நாள் கடந்தபின் ஒரு வாரத்தில் பட்டியலின் படியுடன் ஒரு நினைவூட்டல். அதன்பின் நேரில் செல்லுதல். செல்லுங்கால், அவர் விருந்தினர் முன்னிலையிலும் பணியாளர் முன்னிலையிலும் கேளற்க. நம் கடன் தொல்லையையும் அழுது காட்டற்க. நாம் கேட்பது உதவியன்று, ஊதியம். “இன்ன எண்ணுள்ள பட்டியல், இன்ன நாளில் தருவதாகச் சொன்னது” என்பதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டா. பட்டியல் பேசும், நாம் முகமலர்ச்சியோடிருக்கலாம். களம் நம் முன்னோர்க்குச் செய்த உதவி இதுவே.

அதற்கும் மசியாதவர்க்குச் சட்டமுண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவுபெற்ற குறு, சிறு தொழிலாளரிடம் பண்டமோ சேவையோ பெற்றவர், எழுத்தால் ஒப்பிய நாளுக்குள் பணந்தருதல் வேண்டும். அந்நாள் 45 நாட்களுக்கு மேற்படலாகாது. எழுத்து ஒப்பந்தம் இல்லையேல் தவணை 15 நாட்களே. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவித்த வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி, மாதந்தோறும் கணக்கிடப்படும். முறையிடுதற்கென மன்றமும் அமைக்கப்பட்டுள்ளது. 2020 ஜூலை முதல் நடைபெறும் உத்யம் பதிவுக்குக் கட்டணமில்லை. வேலை ஏற்குமுன்னரே பதிந்துகொள்ளுதல் நலம். மேலும், 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, செய்த வேலையின் கூலிக்கு வழக்கிடப் பொதுவாக மூன்றாண்டே எல்லை. அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திடுவாராயின் அந்நாள்முதல் புதிதாக மூன்றாண்டு தொடங்கும். “பிறகு கேட்போம்” என்று தயங்குவோர் இதனை மனத்திற் கொள்க.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1998-லேயே காலங்கடந்த வியாபாரக் கடனுக்கு வட்டி விதிக்கும் சட்டம் பிறந்தது. அமெரிக்காவின் நியூயார்க் நகரில், தனித்தொழிலரிடம் 800 டாலருக்குக் குறையாத வேலை வாங்குவோர் எழுத்தால் ஒப்பந்தம் செய்தல் வேண்டுமென்றும், வேறு நாள் குறியாதபோது வேலை முடிந்த 30 நாட்களுக்குள் பணந்தருதல் வேண்டுமென்றும் 2017 முதல் விதித்துள்ளனர். ஆயினும் சட்டம் மழு போன்றது. தோளில் இருக்கட்டும், எடுத்ததற்கெல்லாம் ஓங்கற்க.

இதுகாறும் நமக்கு வரவேண்டியதைப் பேசினோம். நம்மிடமிருந்து செல்லவேண்டியதையும் பேசுதல் அறம். சொன்ன நாளில் வேலையை முடிக்கின்றோமா? ஒரே வாரத்தில் மூன்று வீட்டு வேலையை ஏற்று மூவரையும் அலைக்கழிப்பதில்லையா? பூட்டு பொருந்தாவிடின், “நாளை வருகிறேன்” என்று மாதக்கணக்கில் மறைவதில்லையா? பிழையாய்ச் செய்ததை விலையின்றிச் செப்பஞ்செய்து கொடுப்பவனுடைய பட்டியலை எவரும் வெறுப்பதில்லை. எஞ்சிய மரத்தையும் ஆணியையும் கணக்குடன் திருப்பிக் கொடுப்பவனை அவர் பேரப்பிள்ளைகளும் அழைப்பர்.

இன்னும் ஒன்று, இதனைச் சொல்ல எமக்கே நாணமாயிருக்கின்றது. நம் பட்டறையில் இழைப்புளி பிடிக்கும் பையனுக்கும், நம்மிடம் படங்களைத் திருத்திக் கொடுக்கும் பெண்ணுக்கும் நாமே வாடிக்கைக்காரர். “எனக்கு வந்தால் உனக்குத் தருகிறேன்” என்று எத்தனை சனிக்கிழமைகள் அவர்களை வெறுங்கையாய் அனுப்பியுள்ளோம்! 45 நாட் சட்டத்தை ஊருக்கு எடுத்துரைக்கும் நாம், ஏழு நாட் கூலியை நிறுத்திவைத்தல் எந்நியாயம்? நம்மிடம் வேலை கற்ற இளைஞர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்தேறுவது சம்பளம் மிகுதி என்பதற்காக மட்டும் என்று எண்ணற்க. அங்கே சம்பள நாள் என்று ஒன்று உண்டு, நம்மிடம் அஃதில்லை. நாள் குறித்துக் கொடுப்பவனிடமே தொழில் தங்கும்.

முடிவாக, நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். மதிப்புச்சீட்டு, ரசீது, பட்டியல் மூன்றும் அடங்கிய மாதிரிப் புத்தகம் ஒன்றைத் தமிழில் அச்சிட்டு உறுப்பினர்க்கு வழங்குக. மாதத்தில் ஒரு மாலைப்பொழுதில், கணக்கறிந்த நம் இளைஞரும் பெண்டிரும் இம்மண்டபத்தில் அமர்ந்து, எழுதப் பழகாத முதியோர்க்குப் பட்டியல் எழுதிக் கொடுக்க. திருமணத்துக்கும் காதணிக்கும் கூடும் நாம், இதற்கும் கூடலாம்.

“தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு” என்பர். இதனை அன்பின்மையென்று கருதற்க. வயிற்றின் கணக்கு எழுத்தில் தீர்ந்தால், வாய் அன்பை மட்டும் பேசும். யாம் ஒரு நல்லவரின் நட்பை எழுதாமையால் இழந்தோம். உங்களுள் ஒருவரேனும் இன்றிரவு வீடு சென்று, நெடுநாளாய் எழுதாதிருக்கும் ஒரு பட்டியலை எழுதுவீராயின், அதனை எழுதுமுன் வந்த பணத்தையெல்லாம் நேர்மையாய்க் கழித்து எழுதுவீராயின், இச்சொற்பொழிவு பயனுடையதாயிற்று என்று மகிழ்வோம்.